நீலக் காகிதமும் சலேத்தம்மா வீட்டுப் பவழமும்

நேற்று நம் கடையில் உங்களில் ஒருவர் கைபேசியை விரலால் தள்ளித் தள்ளி ஒரு தொட்டியின் விளக்கை நீலமாக்கிக் காட்டினார். அதுவரை மண்நிறத்தில் இருந்த பவழம் சட்டென்று பச்சையும் ஆரஞ்சுமாக மின்னியது. எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நான் மட்டும் பவழத்தைப் பார்க்கவில்லை, பக்கத்தில் நின்ற வாடிக்கையாளரின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நீங்கள் கண்ஜாடை செய்துகொண்டதையும் கவனித்தேன். ஏன் உதட்டைப் பார்த்தேன் என்று இப்போது சொல்கிறேன். நான் அசடு வழிந்த கதை என்பதால் யாரும் பாதியில் எழுந்து போக மாட்டீர்கள் என்ற தைரியம் இருக்கிறது.

எண்பதுகளின் நடுப்பகுதி. சென்னையில் ஒரு வண்ணமீன் கடையில் நாலு வருடம் தொட்டி கழுவியிருந்தேன். ஊரில் மட்டும் டெக்னீஷியன் என்று சொல்லிவைத்திருந்தேன். ஒருநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, உன் ஊர் எது என்று கேட்டார். கலசப்பாக்கம் பக்கம் என்றேன். அப்படியானால் ஜவ்வாது மலை உனக்கு அடுத்த தெருதானே, ஏறு என்றார்.

மலைமேல் ஜமுனாமரத்தூரில் ஒருவர் கடல் தொட்டி வைத்திருந்தார். கடலுக்கும் அந்த ஊருக்கும் இருந்த ஒரே சம்பந்தம் அந்த மனிதர்தான். சரக்குக் கப்பலில் இன்ஜினியராக உலகம் சுற்றியவர். ஓய்வு பெற்றதும் மனைவி சலேத்தம்மா ஆசைப்பட்டார் என்று மலைக்காற்றில் வீடு கட்டினார். கட்டி முடித்த மாதமே கடல் இல்லாமல் இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் கடையிலிருந்து ஐந்தடித் தொட்டி போயிற்று. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பவழம் ஒட்டிய கல் ஒன்றும் போயிற்று. சட்டைப் பொத்தான் அளவில் வட்ட வட்டமாக விரியும் என்பதால் அந்த வகையைக் கடையில் பொத்தான் என்போம். கடல் தண்ணீர் வாரத்துக்கு ஒரு முறை பாண்டிச்சேரியிலிருந்து பிளாஸ்டிக் கேன்களில் போளூர் வந்து, அங்கிருந்து மலை பஸ்ஸின் கூரையில் ஏறி வரும். வளைவுகளில் மூடி கழன்று உப்புத்தண்ணீர் யாருடைய சாமை மூட்டையிலாவது ஊற்றும். கண்டக்டருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இருந்த நாட்கள் குறைவு.

போகும்போது கல்லில் பொத்தான்கள் பச்சை நடுவும் ஆரஞ்சு விளிம்புமாக இருந்தன. ஆறே மாதத்தில் எல்லாம் பழுப்பாகிவிட்டன. சலேத்தம்மாவின் அண்ணன் வேலூரில் கண் டாக்டர். ஈஸ்டருக்கு மலைக்கு வந்தவர் தொட்டியைப் பார்த்துவிட்டு, கப்பலின் அடியில் ஒட்டும் அழுக்கை மாப்பிள்ளை சுரண்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று பந்தியில் சொன்னாராம். அத்தனை பேரும் சிரித்திருக்கிறார்கள். இன்ஜினியருக்கு அது தைத்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு மச்சான் மறுபடி வருவதற்குள் நிறம் வர வேண்டும், இல்லையென்றால் தொட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடைக்குக் கடிதம் எழுதிவிட்டார்.

"கலரோட வா. இல்லன்னா வராத. அங்கயே சாமை வெதச்சிப் பொழச்சிக்கோ" என்று என் முதலாளி என்னை ஏற்றிவிட்டார்.

ஆகஸ்டில் போனேன். அவர்கள் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை கொடுத்தார்கள். பவழம் பழுப்பானால் வெளிச்சம் போதவில்லை என்று அப்போது யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். ட்யூப்லைட்டைக் கூட்டினேன். ஒரு வாரம் பொறுத்தேன், பழுப்பு அப்படியே இருந்தது. கல்லை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். பிறகு திரும்ப நகர்த்தினேன். கம்பவுண்டரிடம் கெஞ்சி அயோடின் வாங்கி ஊற்றினேன். குழந்தைகளுக்கான விட்டமின் சொட்டு மருந்தையும் விடவில்லை. வாரத்துக்கு ஒன்று சேர்த்தேன், எதையும் நிறுத்தவில்லை. உங்களில் சிலர் இப்போது செய்வதைத்தான் அன்றைக்கு நான் குறைந்த விலையில் செய்தேன்.

அக்டோபரில் பயம் வந்துவிட்டது. தபால் ஆபீஸுக்குப் போய் முதலாளிக்கு டிரங்க் கால் போட்டேன். சந்தை நாள். அந்தக் காலத்து டிரங்க் காலில் பேசுவது என்றால் போன் இல்லாமலே சென்னைக்குக் கேட்கும்படி கத்த வேண்டும். "பவழத்துக்குக் கலரே வர்லீங்க, வாடிப்போய்க் கெடக்குது, இன்னா குடுக்கறதுன்னே தெர்லீங்க" என்று கத்தினேன். அந்தப் பக்கத்திலிருந்து இரைச்சல்தான் வந்தது. இந்தப் பக்கத்தில் சந்தைக்கு வந்த அத்தனை பேரும் கேட்டார்கள்.

வெளியே வந்ததும் தேன் விற்கிற அம்மாள் ஒருத்தி, அதற்கு வயிறு சரியில்லையா என்று விசாரித்தாள். புதூர்நாட்டிலிருந்து புளி கொண்டுவந்தவர், மாட்டுக்கு இப்படித்தான் வரும், கவலைப்படாதே என்று தைரியம் சொன்னார். நல்ல மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன். என் தலையில் நானே மண் வாரிப் போட்டுக்கொண்டது அப்போது தெரியவில்லை.

அதற்குப் பிறகு நிலைமை இன்னும் மோசமாயிற்று. தண்ணீர் கலங்கியது. கண்ணாடியில் பாசி வழுவழுவென்று ஏறியது. பொத்தான்கள் பழுப்பிலிருந்து கருப்புக்குப் போய்க்கொண்டிருந்தன. பாதி விரியவே இல்லை. நான் இன்னும் இரண்டு சொட்டு மருந்துகளைச் சேர்த்தேன்.

டிசம்பரில் ஒரு சந்தை நாள். எப்போதும் அந்த நாளில்தான் நான் கேன்களை இறக்க பஸ் நிற்கும் இடத்துக்குப் போவேன். இன்ஜினியர் நண்பர்களோடு சீட்டாடப் போய்விடுவார். அன்றைக்கு மலைப்பாதையில் பஸ் நின்றுவிட்டது, வர நேரமாகும் என்று தெரிந்ததும் நான் வீட்டுக்குத் திரும்பினேன். வாசலில் இருபது ஜோடி செருப்புகள்.

உள்ளே கூடத்தில் வரிசை நின்றது. தேன்காரம்மா, புளிக்காரர், எனக்கு முகம் தெரிந்த பாதி சந்தை. வரிசையின் தலைப்பில் சலேத்தம்மா தொட்டி மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒவ்வொருவராக வந்து ஒரு சிட்டிகை பொரி போட்டுவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்கிறார்கள். கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டுப் பழகிய கைகள். உடம்பு சரியில்லாத கடல் என்று கேள்விப்பட்டு உதவிக்கு வந்திருந்தார்கள். தேன்காரம்மா ஒரு சொட்டு தேனும் விட்டாள். வரிசை முடிந்ததும் சலேத்தம்மா தன் பங்குக்கு ஒரு டப்பாவைத் திறந்தார். வறுத்து இடித்த சென்னாக்குன்னிப் பொடி, அந்தப் பொடிப்பொடிக் காய்ந்த இறால்தான். ஒரு ஸ்பூன் நிறைய, ஊர் உலகத்து அன்பையெல்லாம் சேர்த்துத் தூவினார்.

கூட்டம் போனபின் எவ்வளவு நாளாக என்று கேட்டேன். ஊர்ப் பொரி நீ தபால் ஆபீஸில் கத்திய சந்தையிலிருந்து, என் பொடி தொட்டி வந்த நாளிலிருந்து, நீ பின்கட்டில் இருக்கிற நேரம் பார்த்து தினம் இரண்டு வேளை என்றார். இனிமேல் எதுவும் போடாதீர்கள் அம்மா, வெளிச்சமே அதற்குச் சாப்பாடு, அதிகமான தீனி அழுகித்தான் நிறம் செத்துக்கிடக்கிறது என்று விளக்கினேன்.

அவர் என்னை ஒரு கொலைகாரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இன்னா தம்பி பேசற நீ? வூட்டுக்கு வந்த உயிரப் பட்டினி போடச் சொல்றியா? உனக்கு மூணு வேள நான் சோறு போடலையா?"

போட்டார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் எட்டு நாள். தீனியை நிறுத்தினாலும் எட்டு நாளில் நிறம் வராது. இன்ஜினியரிடம் உண்மையைச் சொன்னால் பழி அந்த அம்மாள் மேல் விழும். சொல்லாவிட்டால் என் வேலை போகும். இரண்டுக்கும் நடுவில் யோசித்துக்கொண்டே நடந்தபோது, மாதா கோயில் வளாகத்தில் மூங்கில் குச்சியில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கண்ணாடித்தாள் சுருள் சுருளாகக் கிடந்தது. நீலத்தில் இரண்டு தாள் கேட்டு வாங்கினேன்.

ட்யூப்லைட்டில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். பொத்தான்களின் நடுவில் செத்துப் பிழைத்திருந்த கொஞ்சம் பச்சை, அந்த நீலத்தில் கொழுந்து விட்டு எரிந்தது. பழுப்பு இருட்டில் மறைந்துகொண்டது. நானே ஏமாந்துவிடுவேன் போலிருந்தது. அப்போது எனக்கு வெட்கம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உச்சி குளிர்ந்துபோய் விசிலடித்தேன். இன்ஜினியர் பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். காகிதம் எதற்கு என்று கேட்டதற்கு, ஜெர்மன் முறை என்றேன். ஜெர்மனியில் மூன்று துறைமுகம் பார்த்த மனிதர், அதை நம்பினார்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கண் டாக்டர் குடும்பத்தோடு ஜீப்பில் வந்து இறங்கினார். பிரியாணி. இன்ஜினியர் மூன்று தட்டு வாங்கினார். பிறகு கூடத்து ஜன்னல்களையெல்லாம் சாத்தி, கம்பளித் திரை போட்டு, நாற்காலியைத் தானே தூக்கிப் போட்டு மச்சானை உட்காரவைத்தார். நான் சுவிட்சைப் போட்டேன்.

கண் டாக்டர் முன்னால் சாய்ந்தார். எழுந்து கண்ணாடி மேல் மூக்கை வைத்துப் பார்த்தார். "மாப்ளே, தோத்துட்டேன்" என்று சொல்லிக் கைகுலுக்கத் திரும்பினார். திரும்பியவர் நீட்டிய கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

தொட்டியை ஒட்டி நின்ற இன்ஜினியரின் உதடு நாவற்பழம் தின்றதுபோல நீலம். நகம் நீலம். காது நீலம். மூன்று தட்டு பிரியாணியும் நாற்காலி தூக்கியதும் சேர்ந்து மூச்சு வாங்குகிறது. நெற்றியில் வியர்வை. டாக்டர் நாடியைப் பிடித்தார். ஜெயித்த சந்தோஷத்தில் அது குதிரைபோல ஓடியிருக்க வேண்டும்.

"அசையாதே. ஹார்ட்டு" என்றார்.

சலேத்தம்மா அலறிக்கொண்டு ஜெபமாலையை எடுத்தார். அங்கே நின்றவர்களில் ஒருவருக்குத்தான் விஷயம் தெரியும். காகிதத்தைக் கிழித்துப் போட்டால் ஒரு நொடியில் முடிகிற காரியம். கை ட்யூப்லைட் வரை போனது. கிழித்தால் உதடு சிவக்கும், பவழம் பழுப்பாகும். மச்சான் மறுபடி சிரிப்பார். என் வேலை அந்தக் கூடத்திலேயே முடியும். நோய் இல்லாத ஒரு மனிதரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகப் போகிறார்கள் என்று தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. இந்தத் தொழிலில் நான் எத்தனையோ மீனைக் கொன்றிருக்கிறேன். எதற்கும் இந்த ஒரு நிமிடத்துக்கு வெட்கப்பட்ட அளவு வெட்கப்பட்டதில்லை.

இன்ஜினியர் எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லச் சொல்ல, பேசாதே பேசாதே என்று நாலு பேர் தூக்கினார்கள். தலையோடு கம்பளி போர்த்தி ஜீப்பில் கிடத்தினார்கள். வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு இறங்கியது. சலேத்தம்மா அண்ணன் குடும்பத்தோடு பின்னால் நெருக்கிக்கொண்டு போய்விட்டார். வீட்டுச் சாவி என் கையில் இருந்தது.

உள்ளே வந்து காகிதத்தைக் கிழித்தேன். என் கையும் அதுவரை நீலமாகத்தான் இருந்திருக்கிறது.

டிரங்க் கால் போட்டு உண்மையைச் சொல்லலாம். ஆனால் தபால் ஆபீஸில் கத்தினால் என்ன ஆகும் என்று ஏற்கெனவே படித்த பாடம் இருந்தது. இன்லண்டு லெட்டர் ஒன்று வாங்கி, டாக்டர் வீட்டு விலாசத்துக்கு இன்ஜினியர் பெயருக்கே எழுதினேன். நீலக் காகிதம், பொரி, என் சொட்டு மருந்துகள், எல்லாம். அம்மாவின் சென்னாக்குன்னிப் பொடியை மட்டும் விட்டுவிட்டேன். தபாலில் போட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு காத்திருந்தேன். பதில் இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், பதிலே இல்லை. ஹார்ட்டில் நிஜமாகவே ஏதாவது இருந்து தொலைத்ததோ என்ற பயம் வேறு. தொட்டிமேல் கை வைக்கவே கூசியது. வேலை போய்விட்டவனுக்குச் சொட்டு மருந்து எதற்கு? அத்தனை புட்டிகளையும் மூட்டை கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். அடியில் அழுகிக் கிடந்ததைக் குழாயால் உறிஞ்சி எடுத்தேன். வாரம் ஒருமுறை புதுக் கடல் தண்ணீர் மாற்றினேன். அவ்வளவுதான்.

சந்தை நாளில் எல்லோரும் பொரியோடு வந்தார்கள். வாசலில் குறுக்கே நின்று, ஐயா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், இன்றைக்கு வேண்டாம் என்றேன். அப்படியானால் ஐயா பேரைச் சொல்லி இரண்டு பிடியாகப் போடுகிறோம் என்றார்கள். அவர்களை மறித்து நின்றதுபோலக் கஷ்டமான வேலை எதுவும் அந்த மலையில் நான் செய்யவில்லை. தேன்காரம்மா என்னைத் திட்டிவிட்டுப் போனாள். நாலாவது சந்தைக்குத்தான் வருவதை நிறுத்தினார்கள்.

மூன்றாவது வாரம் ஒரு பொத்தானின் நடுவில் பச்சை தெரிந்தது. வெறும் ஜன்னல் வெளிச்சத்தில், பச்சை மொச்சை நிறத்தில். நம்பாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அடுத்த வாரம் பத்து. ஆறாவது வாரம் கல் முழுவதும் பச்சையாகி, விளிம்பில் பலாச்சுளை நிறம் சுற்றி வந்துவிட்டது. நாலு மாதம் மருந்து கொடுத்து வராதது, நான் பயந்துபோய் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தபோது வந்தது. பக்கத்தில் ஆள் யாரும் இல்லை, நான் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதேன்.

பிப்ரவரியில் ஜீப் சத்தம். இன்ஜினியர் இறங்கினார். பாதி ஆளாக இளைத்திருந்தார். கன்னம் மட்டும் நல்ல சிவப்பாக இருந்தது. சலேத்தம்மா பின்னால் வந்தார். நான் சாவியை நீட்டினேன். இன்ஜினியர் சாவியை வாங்காமல் சட்டைப் பையிலிருந்து என் இன்லண்டு லெட்டரை எடுத்தார். மடித்து மடித்துக் கிழிகிற நிலையில் இருந்தது.

"இது மூணாம் நாளே வந்திட்ச்சிப்பா" என்றார். "அதுக்குள்ள என் மச்சான் வேலூர்ல பாதிப் பேர்கிட்ட நான் ஹார்ட்டு பேஷண்டுன்னு சொல்லிட்டான். லெட்டரக் காட்டுனா அவன் மானம் இன்னா ஆவறது? படுத்துட்டேன். ஆறு வாரம். கஞ்சி."

அந்த மனிதருக்கு எப்படிப்பட்ட மனசு பாருங்கள். பந்தியில் தன்னைப் பார்த்துச் சிரித்தவன் முகம் வாடக்கூடாது என்று ஒன்றரை மாதம் கஞ்சி குடித்திருக்கிறார். ஜீப்பில் மலை இறங்கியதுமே அவர் முகம் தெளிந்துவிட்டதாம். கீழே வந்ததும் காற்று நன்றாகக் கிடைத்துவிட்டது என்று டாக்டர் அதற்கும் காரணம் சொன்னாராம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என்னைத் தாண்டித் தொட்டிக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்.

ட்யூப்லைட்டில் காகிதம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். இல்லை என்று தெரிந்ததும் முகமெல்லாம் சிரிப்பாயிற்று. சலேத்தம்மா பக்கத்தில் வந்து, அடியம்மா, பட்டினியிலயா இவ்ளோ அழகு என்று மெதுவாகக் கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். தொட்டியில் நிறம் போனால் என்ன குறைகிறது என்று பார்ப்பதற்கு முன்னால், யார் யார் கை உள்ளே போகிறது என்று பாருங்கள். உங்கள் கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் எல்லாக் கையையும் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்ஜினியர் தொட்டி மூடியைத் தூக்கினார். இன்னொரு கை தன்னால் கால்சட்டைப் பைக்குள் போயிற்று. வெளியே வந்தபோது விரல் நுனியில் பொரி இருந்தது. எடுத்த வேகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, அந்தக் கைக்கு இது புதுப் பழக்கம் இல்லை.

எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். முதலாளிக்கு முதலாளி அவர். அதுவரை அவர் முன்னால் நான் உட்கார்ந்ததுகூட இல்லை.

"வேணாங்க" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணுப்பா. ஆறு வாரம் பாக்கல அதுங்கள."

"வேணாங்க சார்."

சலேத்தம்மா வாயைப் பொத்திக்கொண்டார். இன்ஜினியர் என் பிடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பொரியைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டு நிதானமாக மென்று முடித்தார்.

"இந்தக் கைய நீ வந்த அன்னிக்கே இப்டிப் புட்ச்சிருந்தா, நான் கஞ்சி குட்ச்சிருக்க மாட்டேன் இல்ல?" என்றார்.